சுற்றுப் பயிற்சியும் கூடைப்பந்தாட்டக்காரர் உடற்றகுதியும்

தமிழாய்வு இதழொன்றில் கூடைப்பந்தாட்டம் பற்றிய கட்டுரை காணப்படுதல் கற்றோர் சிலர்க்கு வியப்பளிக்கலாம். அதன் காரணத்தைக் கூறிவிட்டே மேற்செல்ல விரும்புகின்றோம். உடற்கல்வித் துறையில் ஆய்வு செய்யும் மாணவர்கள் தம் ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழில் வரைந்து, மொழி திருத்தும் பொருட்டு எம்மிடம் கொணர்வது உண்டு. தென்காசி மாவட்டத்துப் பண்பொழியைச் சேர்ந்த மாணவரொருவர் கொணர்ந்த சுருக்கம், கல்லூரிக் கூடைப்பந்தாட்டக்காரரிடத்துச் 'சர்க்யூட் டிரெயினிங்' என்னும் பயிற்சி விளைக்கும் பயனைப் பற்றியது. அப்பெயரை அவர் 'மின்சுற்றுப் பயிற்சி' என மொழிபெயர்த்திருந்தார். அகராதியில் முதற்கண் நின்ற பொருளை எடுத்துக்கொண்டதன் விளைவு அது. நகைத்துவிட்டுத் திருத்தியிருக்கலாம், ஆயினும் சரியான சொல் யாதென அவர் வினவியபோது எமக்கும் விடை உடனே தோன்றவில்லை. பொருளை அறியாமற் சொல்லை ஆக்கல் இயலாதன்றோ? ஆகவே பொருளை அறியப் புகுந்தோம்.

இப்பயிற்சி பழமையானது அன்று. இங்கிலாந்தின் லீட்சுப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி பயிற்றிய மார்கன், ஆடம்சன் என்னும் இருவர் 1953-ஆம் ஆண்டில் இதனை வகுத்தனர். அவர்கள்முன் நின்ற இடர்ப்பாடு நம் கல்லூரிகளுக்கும் பொதுவானது: மாணவர் பலர், இடம் சிறிது, நேரம் அதனினும் சிறிது. மேலும், ஒரே வகுப்பில் வலியோரும் மெலியோரும் கலந்து நிற்பர். எல்லார்க்கும் ஓரளவே விதிப்பின் வலியவன் பயனடையான். மெலியவன் தளர்ந்து வீழ்வான். இவ்விரண்டையும் ஒருங்கே தீர்க்கும் வழி அவர்கள் கண்ட முறை.

பயிற்சிக்கூடத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான இடங்கள் குறிக்கப்படும். ஒவ்வோரிடத்திலும் ஒரு செயல்: ஓரிடத்தில் தண்டால், அடுத்ததிற் பலகைமீது ஏறி இறங்குதல், பின்னர் மல்லாந்து கிடந்து எழுதல், பின்னர்க் கனத்த பந்தை மார்பிலிருந்து எறிதல், பின்னர்க் கயிறு தாண்டுதல் என்றாற்போல. ஒவ்வொரு செயலையும் தன்னால் எத்தனை முறை செய்ய இயலும் என மாணவன் முதலிற் சோதித்து அறிவான். அவ்வெண்ணிற் பாதியே அவனுக்குரிய பயிற்சியளவு. 40 தண்டால் எடுக்க வல்லவனுக்கு 20. 12 எடுக்க வல்லவனுக்கு 6. அவ்வளவின்படி எல்லா இடங்களையும் மும்முறை சுற்றிவர ஆகும் நேரம் குறிக்கப்படும். நாள் செல்லச் செல்ல அந்நேரத்தைக் குறைப்பதே அவன் நோக்கம். இலக்கை எட்டிய பின் மீண்டும் சோதித்து அளவை உயர்த்துவர். ஆகவே ஒருவன் மற்றொருவனோடு போட்டியிடுவதில்லை. நேற்றைய தன்னோடே போட்டியிடுகின்றான். இன்று 30 நொடி செயல், 30 நொடி ஓய்வு எனக் கடிகாரத்தால் அளக்கும் முறை பெருவழக்காயிற்று. அது பயிற்றுவோர்க்கு எளிது; ஆயினும் எண்ணிக்கை குறிக்கப்படாதபோது தன் வளர்ச்சி எவ்வளவு என்பது மாணவனுக்கே தெரியாமற் போகும். முன்னை முறையே சிறந்தது என்பது எம் கருத்து.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'வட்டப் பயிற்சி' என்பார் உளர். இடங்கள் வட்டமாக அமைதல் வேண்டும் என்னும் விதி இன்மையின் அது பொருந்தாது. 'சுழற்சிப் பயிற்சி' என்பது உடலே சுழல்வதாகப் பொருள்படும். 'சுற்று' என்னும் சொல்லோ சுற்றிவரும் வழியையும், சுற்றி முடித்த ஒருமுறையையும் ஒருங்கே குறிக்கும். 'மூன்று சுற்று முடித்தான்' என்பது உலக வழக்கு. ஆதலின் 'சுற்றுப் பயிற்சி' என்பதனையே கொண்டோம். ஒவ்வோர் இடத்தையும் 'நிலையம்' என அம்மாணவர் எழுதியிருந்தார். அது புகைவண்டியை நினைவூட்டுகின்றது. 'நிலை' என்பதே சாலும். நிற்குமிடம், நிற்கும் முறை ஆகிய இரண்டும் அதன்கண் அடங்கும்.

தமிழ் பயின்றார்க்கு இம்முறையை யாப்பால் விளக்குதல் எளிது. நிலை சீர் போன்றது; சுற்று அடி போன்றது. சீர்களைத் தனித்தனியே அறிந்த அளவில் ஒருவன் செய்யுள் இயற்றிவிடான். சீரும் சீரும் கூடுமிடத்துத் தளை நோக்கல் வேண்டும். தண்டாலை அடுத்துக் கனப்பந்து எறிதலை வைப்பின், தோளும் மார்பும் தொடர்ந்து இருமுறை உழைத்துச் சோரும். சுற்று அவ்விடத்தே தளை தட்டும். தண்டாலின்பின் காலுக்குரிய பஸ்கி, அதன்பின் வயிற்றுக்குரியது, அதன்பின் மீண்டும் கைக்குரியது என மாற்றி அடுக்கின், ஒரு தசைக்கூட்டம் உழைக்கும்போது மற்றொன்று இளைப்பாறும். நெஞ்சும் மூச்சும் மட்டும் இளைப்பாறா. இதுவே இப்பயிற்சியின் உயிர்நிலை. எம் மாணவர் வகுத்திருந்த எட்டு நிலைகளின் இடையடுக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் எட்டாவது கனப்பந்து, முதலாவது தண்டால். சுற்று மடங்கும்போது ஈறும் முதலும் கூடும் என்பதனை அவர் எண்ணவில்லை. அந்தாதி பாடம் கேட்டவர்க்கு இப்பிழை நேராது என்று கூறினோம். அவர் சிரித்துக்கொண்டே மாற்றி எழுதினார்.

கூடைப்பந்தாட்டத்துக்கு இப்பயிற்சி வேண்டப்படுவது ஏன்? 1891-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இசுபிரிங்பீல்டில் சேம்சு நெய்சுமித் என்பார் வகுத்த இவ்வாட்டம், இளைஞர் கிறித்தவ சங்கத்தின் வழியே நம் நாட்டுக்கு வந்தது. அச்சங்கத்தின் சார்பிற் சென்னையில் 1920-ஆம் ஆண்டில் ஆரி குரோ பக் என்பார் தோற்றுவித்த உடற்கல்விக் கல்லூரி, இதனைத் தமிழகத்துப் பள்ளி கல்லூரிகளிற் பரப்புதற்குப் பெருந்துணையாயிற்று. ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. வளையம் தரையினின்றும் 3.05 மீட்டர் உயரத்தில் நிற்பது. பன்னாட்டு விதிப்படி 20 நிமிடப் பகுதி இரண்டாக இருந்த ஆட்டம் 2000-ஆம் ஆண்டில் 10 நிமிடப் பகுதி நான்காக மாற்றப்பட்டது. பந்தைப் பெற்ற அணி கூடையை நோக்கி எறிதற்குரிய 30 நொடி 24 நொடியாகக் குறைந்தது. ஆட்டம் விரைந்தது, ஆடுவோர்க்கு மூச்சு வாங்கும் இடைவெளி சுருங்கிற்று.

ஆத்திரேலிய நாட்டு ஆட்டக்காரரை ஆராய்ந்து 1995-இல் வெளியான கட்டுரையொன்று இத்துறையிற் பெரிதும் எடுத்தாளப்படுவது. ஓர் ஆட்டத்தில் ஒருவர் ஏறத்தாழ 1000 முறை தம் இயக்கத்தை மாற்றுகின்றார் என்றும், சராசரி இரண்டு நொடிக்கு ஒரு மாற்றம் நிகழ்கின்றது என்றும் அது கண்டது. ஓடுதல், நிற்றல், பக்கவாட்டில் நகர்தல், குதித்தல், மீண்டும் ஓடுதல் என்னும் இவ்வியல்பே இவ்வாட்டத்தின் அடையாளம். நெடுந்தொலைவு ஒரே சீராக ஓடுபவனது ஆற்றல் வேறு, இது வேறு. சில நொடிப் பாய்ச்சலுக்கு வேண்டிய ஆற்றல் தசையிற் சேமித்துள்ள பொருளினின்றும் உடனே கிடைக்கும். அது தீர்ந்தபின் அதனை மீள நிரப்புவது மூச்சுக்காற்றின் துணைகொண்டு நடைபெறும் செயல். ஆகவே பாய்ச்சல் வன்மை ஒருபுறம், பாய்ச்சலுக்கும் பாய்ச்சலுக்கும் இடையே விரைந்து தேறும் திறன் ஒருபுறம் என இரண்டும் வேண்டும். நான்காம் பகுதியில் எறிந்த பந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதி வீழ்வது பெரும்பாலும் கைத்திறக் குறையால் அன்று, கால் தளர்ந்தமையால்.

உழைப்பையும் குறுகிய ஓய்வையும் மாற்றி மாற்றித் தருதலின், சுற்றுப் பயிற்சி இவ்வாட்டத்தின் இயல்போடு ஒத்துச் செல்கின்றது. தசையின் தாங்குதிறன் இதனால் வளர்தல் தெளிவு. இத்துணை என வரையறுக்குமிடத்தே எச்சரிக்கை வேண்டும். எடை தூக்கிச் செய்யும் சுற்றுப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கெட்மன், பொல்லாக் ஆகியோர் 1981-இல் ஒன்று கூறினர்: உடல் உயிர்வளியைப் பயன்கொள்ளும் பேராற்றல் இதனால் ஏறத்தாழ 5 விழுக்காடே உயர்கின்றது, அதே கால அளவு ஓட்டம் முதலியன பயின்றார்க்கோ 15 முதல் 25 விழுக்காடு உயர்கின்றது. எடை தூக்கும்போது நெஞ்சம் மிக விரைந்து துடிப்பினும், அத்துடிப்பின் அளவுக்கு உயிர்வளிப் பயன்பாடு உயர்வதில்லை. ஆகவே துடிப்பை மட்டும் எண்ணிப் பயனை மதிப்பிடுவோர் ஏமாறுவர். பேரெடை தூக்கும் வன்மையும் இதனால் மிகுதியாக வாராது; பளு குறைவாதலின் என்க. கூடையில் எறியும் திறனோ, எறிந்து எறிந்தே வருவது.

ஈண்டு ஊரைப் பற்றியும் சில கூறுதல் வேண்டும். பைம்பொழில் என்பது பண்பொழி எனத் திரிந்தது என்பர். ஊரார் பேச்சில் அது 'பம்புளி'. பொழிலும் வயலும் சூழ்ந்த அவ்வூரின் மேற்கே, குமரன் கோயில் கொண்ட திருமலைக் குன்று நிற்கின்றது. நாடோறும் அதன் படிகளில் ஏறி இறங்குகின்ற தமக்கு வேறு பயிற்சி எதற்கு என இளைஞர் சிலர் வினவுவதாக எம் மாணவர் கூறினார். வினா தக்கதே. படியேறுதல் தொடைக்கும் மூச்சுக்கும் மிக நல்லது; மேற்காட்டிய உயிர்வளிப் பேராற்றலை வளர்ப்பதில் அது சுற்றுப் பயிற்சியினும் ஒருகால் மேம்படலாம். ஆயினும் அது ஒரே திசையில் ஒரே சீராக நிகழ்வது. தோளும் கையும் வாளா இருப்பன. நின்று திரும்பிப் பாய்தல் அதன்கண் இல்லை. அதனை விட்டுவிடுக என யாம் கூறோம். அது வேறு, இது வேறு என்பதே எம் விடை. மற்றொன்று: கல்லூரி திறக்கும் ஆனி, ஆடித் திங்களே குற்றாலத்துச் சாரற் காலம். செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்றும் தூறலும் திறந்த ஆடுகளத்தை நாட்கணக்கில் ஈரமாக்கி வைக்கும். வழுக்கும் களத்தில் ஓடிக் கணுக்கால் பிறழ்வதினும், கூரையுள்ள தாழ்வாரமொன்றில் எட்டு நிலை குறித்துப் பயில்வது அறிவுடைமை. லீட்சு நகரத்தார் கூடத்துள் வகுத்தது நம் சாரலுக்கும் உதவுகின்றது.

ஆய்வுச் சுருக்கத்தின் முகவுரையில், 'சுற்றுப் பயிற்சி சங்க காலத்திலேயே தமிழரிடம் இருந்தது. இளவட்டக்கல் தூக்கலும் ஏறு தழுவலும் அதற்குச் சான்று' என்றொரு தொடர் இருந்தது. அதனை நீக்கச் செய்தோம். இளவட்டக்கல் தென்பாண்டி ஊர்களின் அரிய செல்வம். நெல்லை மாவட்டத்து வடலிவிளையிற் பொங்கலை ஒட்டி இன்றும் அதனைத் தூக்குகின்றனர். கலித்தொகையின் முல்லைப் பகுதி ஏறு தழுவலை விரித்துரைப்பது யாவரும் அறிந்தது. ஆனால் அவை ஆற்றலைச் சோதித்துக் காட்டும் நிகழ்ச்சிகள். கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னே எறிந்தவன் வென்றான், தூக்காதவன் தோற்றான். மெலியவனுக்கு அவன் அளவிற் பாதியைக் கொடுத்து நாளும் உயர்த்தும் முறைமை அவற்றின்கண் இல்லை. சோதனை வேறு, பயிற்சி வேறு. இல்லாததனை முன்னோர்க்கு ஏற்றிக் கூறுதல் அவர்க்குப் பெருமை ஆகாது. உள்ளதன் அருமையையும் அது மறைத்துவிடும். இக்குறை உடற்கல்வி மாணவர்க்கு மட்டும் உரியதன்று. எம் துறையிலும் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

இனி, அவ்வாய்வின் அமைப்பு. ஆட்டக்காரரைச் சோதித்து, வாரம் மூன்று நாளாகப் பன்னிரண்டு வாரம் பயிற்றி, மீண்டும் சோதித்து, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, 'பயிற்சியாற் பயன் விளைந்தது' என முடித்தல் அவர் முதலிற் கருதிய திட்டம். இம்முடிபு பெறப்படாது. முதற் சோதனையில் எட்டிக் குதிக்கும் முறை அறியாதவன் இரண்டாம் சோதனையில் அறிந்திருப்பான். அவ்வளவில் எண் உயரும். பன்னிரண்டு வாரத்தில் வழக்கமான ஆட்டப் பயிற்சியும் உடன் நிகழ்ந்திருக்கும். விடுமுறை கழிந்து தளர்ந்து வந்தவன் யாதொரு பயிற்சியாலும் தேறுவான். ஆகவே குலுக்கல் முறையில் ஆட்டக்காரரை இருபாற் படுத்து, ஒருபாலார்க்கு வழக்கமான பயிற்சியும், மற்றொருபாலார்க்கு அதனோடு சுற்றுப் பயிற்சியும் தந்து, ஈரணியையும் ஒப்பிடல் வேண்டும். அதன்பின்னும் ஒன்று எஞ்சும்: ஒருபாலார் மிகுதியாக உழைத்தமையாற் பெற்ற பயனோ, சுற்று முறையாற் பெற்ற பயனோ என்னும் ஐயம். அதனை நீக்க மற்றவர்க்கும் அதே நேர அளவு வேறு பயிற்சி தரல் வேண்டும். ஒரு சுவடியை மட்டும் வைத்துக்கொண்டு பாடம் இதுவே எனத் துணியாத எம்மனோர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

மகளிர் அணியையும் அவர் ஆய்விற் சேர்த்திருந்தார். அது பாராட்டத் தக்கது. ஆயினும் ஒன்றனை வற்புறுத்தினோம். 2019–21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருட் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையர் எனக் காட்டுகின்றது. உயிர்வளியைச் சுமந்து செல்லும் குருதியே குறைந்திருக்கும்போது, மூன்றாம் சுற்றில் ஒரு மாணவி தளர்ந்து அமர்வதனைச் சோம்பல் என்றோ, பயிற்சியின் தோல்வி என்றோ எழுதுதல் கொடுமை. பயிற்சி தொடங்குமுன் குருதிச் சோதனை நிகழ்தல் வேண்டும். குறையுடையார்க்கு முதலில் மருத்துவம் வேண்டும். முதல் வரைவில் இச்செய்தி ஓரிடத்தும் இல்லை. 'தகுதி' என்னும் சொல்லை நூற்றுக்கு மேற்பட்ட முறை எழுதிய ஏட்டில் உணவைப் பற்றி ஒரு வரியும் இல்லாமை எம்மை வருத்திற்று.

அம்மாணவர் இருவாரம் கழித்துத் திருத்திய சுருக்கத்தோடு வந்தார். அணிகள் மூன்றாகியிருந்தன, குருதிச் சோதனை முதலிற் சேர்க்கப்பட்டிருந்தது, கனப்பந்து ஐந்தாம் நிலைக்குச் சென்றிருந்தது. பெயர் 'சுற்றுப் பயிற்சி' என்றே இருந்தது. பையன்கள் களத்தில் இதனை எவ்வாறு அழைப்பர் எனக் கேட்டோம். 'சர்க்யூட்டுன்னுதான் ஐயா, மூணு ரவுண்டு முடிச்சாச்சான்னு கேப்பாங்க' என்றார். 'ரவுண்டு' என்பதனைச் 'சுற்று' என மாற்றுதல் அவர்க்குக் கடினமன்று எனவும், முன்னையது நிற்கலாம் எனவும் கூறி, ஏட்டைக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.