இந்தக் கால்குலேட்டர் யாருடையது?

சோதனைத் தேர்வுக்கு ஒரு வாரமே இருந்தது. படிவம் 5 மாணவி ஒருவர் தம் கால்குலேட்டரைத் தொலைத்துவிட்டு என்னிடம் வந்தார். பள்ளி அலுவலகத்தில் இருந்த கண்டெடுத்த பொருள்கள் பெட்டியைத் திறந்து பார்த்தோம். உள்ளே நான்கு கால்குலேட்டர்கள். நான்கும் ஒரே ரகம், ஒரே நிறம். "இதில் ஒன்று என்னுடையதாக இருக்கும் டீச்சர். ஆனால், எது என்று தெரியவில்லை" என்றார். எதையும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அவர் இரவல் வாங்கித் தேர்வு எழுதினார்.

மாணவர்களே, தொலைந்த பொருளைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுகின்றன. அது எங்கே இருக்கிறது? அது யாருடையது? இரண்டுக்கும் தனித்தனித் தொழில்நுட்பங்கள் உள்ளன.

எங்கே இருக்கிறது?

2021இல் அறிமுகமான ஏர்டேக் போன்ற சிறு கருவிகள் இதற்கு விடை சொல்கின்றன. ஏர்டேக்கில் ஜிபிஎஸ் கிடையாது. அது புளுடூத் வழியாக வலுக்குறைந்த வானொலி அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அருகில் செல்லும் யாரோ ஒருவரின் ஐபோன் அதை உணர்ந்து, தான் இருக்கும் இடத்தை மறைகுறியாக்கி இணையத்தில் அனுப்பும். உரிமையாளர் அதைத் தம் கைப்பேசியில் பார்ப்பார்.

அதாவது, பிறருடைய கைப்பேசிகளே அதற்குக் கண்கள். மாணவர்கள் கைப்பேசி பயன்படுத்தாத பள்ளி வளாகத்தில் அந்தக் கண்கள் மிகக் குறைவு. மேலும், இத்தகைய கருவியை ஒருவரின் பையில் ஒளித்து வைத்து அவரைப் பின்தொடரவும் முடியும். அதனால்தான் ஆப்பிளும் கூகலும் 2024 மே மாதம் இதற்கான எச்சரிக்கை வசதியைக் கூட்டாக வெளியிட்டன.

யாருடையது?

இதற்குக் கியூஆர் குறியீடு போதும். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு இதை உருவாக்கியது. கார் உதிரிப் பாகங்களை அடையாளம் காண்பதே நோக்கம். நம் பெட்டியின் சிக்கலும் ஏறக்குறைய அதுதானே!

கறுப்பு, வெள்ளைக் கட்டங்கள் 1, 0 என்னும் எண்களைக் குறிக்கின்றன. மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள், குறியீடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. 1960இல் ரீட், சாலமன் என்னும் இருவர் வகுத்த கணித முறைப்படி கூடுதல் தகவலும் சேர்க்கப்படுகிறது. ஆகவே, உயர்ந்த நிலையில் சுமார் 30 விழுக்காடு சேதமடைந்தாலும் வாசிக்க முடியும். புத்தகப்பையில் உரசும் ஒட்டுவில்லைக்கு இது மிகவும் அவசியம்.

ஓர் எச்சரிக்கை: குறியீட்டில் பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி வேண்டாம். கண்டெடுப்பவர் எல்லாரும் நல்லவராக இருப்பார் என்று சொல்ல முடியாது. 0417 போன்ற ஓர் எண் போதும். அது யாருடைய எண் என்ற பட்டியல் அலுவலகக் கணினியில் மட்டும் இருக்கட்டும்.

இவ்வாரச் சோதனை

ஒரு கியூஆர் குறியீட்டை அச்சிடுங்கள். நடுப்பகுதியைச் சிறிது சிறிதாகத் தாளால் மறைத்து, பெற்றோரின் கைப்பேசியில் வருடிப் பாருங்கள். எவ்வளவு மறைத்த பிறகு வாசிக்க முடியவில்லை? பிறகு மூலைச் சதுரம் ஒன்றை மட்டும் மறைத்துப் பாருங்கள். வேறுபாட்டைக் குறித்து வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒட்டுவில்லைக்குக் கால்கள் இல்லை. கண்டெடுத்தவர்தான் அலுவலகம்வரை நடக்க வேண்டும்.