நிறையாத டேங்க் நல்ல டேங்க் அல்ல

"வீடு கட்டிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு, செப்டிக் டேங்க் ஒரு தடவைகூட நிறையலை." இப்படிப் பெருமையாகச் சொல்லும் வீட்டுக்காரர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கட்டிக்கொடுத்த கொத்தனாரும் அதைத் தன் கைராசி என்றே சொல்லிக்கொள்வார்.

ஆனால், ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் குடிவந்த சில வாரங்களிலேயே நிறைந்துவிடும். அதற்குப் பிறகு எந்நாளும் நிறைந்தே இருக்கும். ஒரு பக்கம் ஒரு வாளித் தண்ணீர் உள்ளே போனால் மறுபக்கம் ஒரு வாளி வெளியேறும். அதுதான் அதன் வேலை. பதினைந்து வருஷமாக நிறையவில்லை என்றால் அடியில் தளமே போடவில்லை, அல்லது சுவர் விரிசல் விட்டிருக்கிறது. சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி மூடிவிட்டு அதையே 'டேங்க்' என்று சொல்வதும் தமிழ்நாட்டில் சகஜம். இவற்றில் எதுவானாலும் கழிவு மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் திருவாலங்காட்டுக்கு இது வெறும் வீட்டுப் பிரச்சினை இல்லை. இந்த வட்டாரத்தைக் கடக்கும் கொசஸ்தலையாறுதான் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி, சென்னையின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. ஆற்றுக்குப் போவது இருக்கட்டும். அதற்கு முன்பே, கசியும் கழிவு வீட்டுக் கிணற்றையும் போரையும் தொட்டுவிடும். கழிவிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்குள் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கிருமி என்றால் கொதிக்க வைத்துக் கொல்லலாம். நைட்ரேட் கொதித்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து.

செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470. டேங்கிலிருந்து வரும் நீரை மண்ணுக்கு விடும் உறிஞ்சுகுழி, குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது அது. வாஸ்து பார்ப்பவரோ போருக்கு ஈசானி மூலையையும் டேங்குக்கு வடமேற்கு மூலையையும் காட்டுவார். முப்பதுக்கு நாற்பது மனையில் அந்த இரண்டு மூலைகளுக்கும் இடையே முப்பதோ நாற்பதோ அடிதான். விதி கேட்பதோ 59 அடி. மூலைக்கு மூலை குறுக்கே அளந்தாலும் ஐம்பதுதான் வரும். இப்படிப்பட்ட மனையில் செய்யக்கூடியது: டேங்கை நீர் கசியாமல் கட்டுவது, போர்த் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பது.

டேங்குக்குள் நடப்பது எளிமையானது. கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெயும் நுரையும் மேலே ஆடை கட்டும். நடுவிலுள்ள தெளிந்த நீர் மட்டும் 'டி' வடிவக் குழாய் வழியாக வெளியே போகும். இதற்குத் தண்ணீர் ஒரு நாளாவது உள்ளே நிற்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஐந்து பேருக்குக் கட்டிய வீட்டை இருபது தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டால், அந்த நீருக்குத் தங்க நேரமே கிடைக்காது. சேறு கலங்கி உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். அப்புறம் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் இறங்காது. "டேங்க் நிறைஞ்சிடுச்சு" என்று லாரியைக் கூப்பிடுவார்கள். பத்து நாளில் மறுபடி அதே கதை. பழுது டேங்கில் இல்லை, குழியில்.

சேறு டேங்கின் மூன்றில் ஒரு பங்கை எட்டுமுன் எடுத்துவிட வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்பது கணக்கு. சாணி, வெல்லம் கரைத்து ஊற்றுவது தேவையே இல்லை. வேண்டிய நுண்ணுயிர் நம்மிடமிருந்தே தினமும் போகிறது. அதைக் கொல்லாமல் இருந்தால் போதும். ஆசிட்டையும் பினாயிலையும் கணக்கில்லாமல் ஊற்றுவது அந்தக் கொலைதான். நாப்கினும் டயப்பரும் மக்காது, அடைத்துக்கொள்ளும். மொட்டைமாடி மழைநீர்க் குழாயை டேங்கில் இணைப்பதைப் போன்ற தவறு வேறில்லை. காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு இந்தத் தண்ணீர் பிரியமான இடம்.

சுத்தம் செய்வதில்தான் உயிர் போகிறது. 2023 மே மாதம், இதே திருவள்ளூர் மாவட்டத்தின் மீஞ்சூரில், ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குபவர் ஏறி வருவதில்லை. காப்பாற்றக் குதிப்பவரும் அப்படியே.

பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. லாரி வந்தால் அது கழிவை எங்கே கொட்டப்போகிறது என்றும் கேளுங்கள். ஏரிக்கரையில் கொட்டினால், நிறையாத டேங்கால் வரும் அதே கேடுதான்.

பல வீடுகளில் ஆள் இறங்க நேர்வதற்குக் காரணமே மூடிதான். டேங்கின் மேல் போர்டிகோ கட்டி, டைல்ஸ் ஒட்டி, காரையும் நிறுத்திவிடுகிறார்கள். டேங்கின் இரண்டு அறைகளுக்கும் தனித்தனி மூடி இருந்து, லாரிக் குழாய் எட்டினால், யாரும் இறங்க வேண்டியதில்லை.

ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலேறிய பிறகு டேங்கைக் காலி செய்தால், வெளியிலிருந்து நீர் நெருக்கிச் சுவர் விரிசல் விடும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் மிதந்தே எழும்பிவிடும். எனவே எடுக்க வேண்டியதைப் புரட்டாசிக்குள் எடுத்துவிடுங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டு டேங்க் மூடி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.