மேற்குப் பஞ்சாபிற் சீக்கியர் விட்டகன்ற தலங்கள்

சீக்கிய சமயத்தின் முதற்றலங்கள் பல இன்று பாகிஸ்தான் எல்லைக்குள் அமைந்திருக்கின்றன. குரு நானக் 1469ஆம் ஆண்டிற் பிறந்த நங்கானா சாஹிப், 1539இல் அவர் மறைந்த இராவி நதிக்கரைக் கர்த்தார்பூர், 1606இல் ஐந்தாம் குருவாகிய அர்ஜுன் தேவர் உயிர் துறந்த இலாகூர், மகாராசா இரஞ்சித் சிங் பிறந்த குஜ்ரன்வாலா என்பன அவற்றுட் சில. 1947 ஓகஸ்ட் மாதத்திற் பஞ்சாப் இரண்டாகப் பிரிக்கப்பட்டபொழுது, மேற்கில் வாழ்ந்த சீக்கியரும் இந்துக்களும் ஏறக்குறைய முழுவதும் கிழக்கே பெயர்ந்தனர்; கிழக்கில் வாழ்ந்த முஸ்லிம்கள் மேற்கே பெயர்ந்தனர். இரு திசையிலும் குருதி பெருகிற்று. சில மாதங்களுள் ஊர்கள் குடிமாறின.

சீக்கியர் கோயிலாகிய குருத்வாரா, கட்டடத்தால் மாத்திரம் நிலைபெறுவதன்று. நாடோறும் வைகறையிற் குரு கிரந்த சாஹிப் திறந்து ஓதப்பெறல் வேண்டும். இரவில் அது துயில்கொள்ள வைக்கப்பெறல் வேண்டும். இலங்கர் எனப்படும் அன்னசாலையிற் சாதி வேற்றுமையின்றி யாவரும் ஒரே வரிசையிலிருந்து உண்ணல் வேண்டும். இவற்றுக்குக் கிராமத்தார் விளைவித்த தானியமும், அவர்தம் கைத்தொண்டும் இன்றியமையாதன. குடிகள் நீங்கவே நூல் நீங்கிற்று, அடுப்பு அவிந்தது, குளம் தூர்ந்தது. எஞ்சிய சுவர்களுள், கிழக்கிலிருந்து வீடிழந்து வந்த அகதிகள் குடியேறினர். அவர்மேற் குறைகூறுதல் நியாயமன்று. கிழக்குப் பஞ்சாபில் அவர்கள் விட்டுவந்த பள்ளிவாசல்கள் பலவற்றுக்கும் இதே கதி நேர்ந்தது.

கால்வாய்க் குடியேற்றங்களின் வரலாறு இன்னும் ஆழமானது. இராவி, செனாப் ஆகிய நதிகளுக்கு இடைப்பட்ட நிலம் முன்னர் மேய்ச்சற்காரர் திரிந்த வறண்ட புதர்க்காடாயிருந்தது. 1892இற் செனாப் கால்வாய் திறக்கப்பட்ட பின், மத்திய பஞ்சாபிலிருந்து சீக்கிய உழவர் பலர் அங்குக் குடியேற்றப்பட்டனர். பெயருக்குப் பதிலாக எண்ணிட்ட ஊர்கள் எழுந்தன. இலாயல்பூர் (இப்போதைய பைசலாபாத்) அவற்றின் நடுநகராயிற்று. காட்டைக் கழனியாக்கியோர் அரை நூற்றாண்டு கடந்த சிறிது காலத்துள் அதனை விட்டகன்றனர். அவருக்கு முன் அந்நிலத்தை இழந்த மேய்ச்சற்காரரை நினைப்பார் மிகச் சிலரே.

பெருந்தலங்கள் ஒருவாறு தப்பின. வெளியேறியோர் சொத்துக்களைப் பராமரிக்கும் அரச சபை, யாத்திரிகர் வரும் நங்கானா சாஹிப், ஹசன் அப்தாலிலுள்ள பஞ்சா சாஹிப் முதலியவற்றைப் பேணி வருகின்றது. பேரிழப்பு நேர்ந்தது சிறு கிராமக் குருத்வாராக்களுக்கும் தனவந்தர் மாளிகைகளுக்குமேயாம். இராவல்பிண்டியை அடுத்த கல்லர் சையதானில் கேம் சிங் பேதியின் மாளிகை பிரிவினைக்குப் பின் பாடசாலையாய்ப் பயன்பட்டது. குருமாரையும் தெய்வங்களையும் தீட்டிய அதன் சுவரோவியங்கள் மங்கிச் சிதைந்தன. குஜ்ரன்வாலாவில் இரஞ்சித் சிங்கின் முன்னோர் மாளிகையின் ஒரு பகுதி 2022இல் இடிந்து வீழ்ந்தது. வாயில்களிற் பொறித்த குர்முகி எழுத்துக்களை வாசிப்போர் அவ்வூர்களில் அரியர். பாகிஸ்தானிற் பஞ்சாபி மொழி அரபு வழிவந்த லிபியிலேயே எழுதப்படுகின்றது. ஒரே மொழி பேசுவோரும் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க இயலாராயினர்.

குடியிருப்பின் வலிமையை நங்கானா சாஹிபிலும் ஹசன் அப்தாலிலும் காணலாம். வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து பெயர்ந்து வந்த, பஷ்தோ மொழி பேசும் சீக்கியக் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. அத்தலங்களிற் பஞ்சாபியருடன் அவர்களும் வழிபாட்டைத் தொடர்கின்றனர்.

பிரிவினையின் பின்னர், சீக்கியர் தம் நாளாந்தப் பிரார்த்தனையாகிய அர்தாஸில், பிரிக்கப்பட்ட குருத்வாராக்களைத் தடையின்றித் தரிசிக்கும் பேற்றை வேண்டும் பகுதியைச் சேர்த்துக்கொண்டனர். 2019 நவம்பர் 9ஆம் நாள் கர்த்தார்பூர்ப் பாதை திறக்கப்பட்டபொழுது அவ்வேண்டுதல் ஓரளவு நிறைவேறிற்று. இந்திய யாத்திரிகர் விசாவின்றிச் செல்ல வழி பிறந்தது. ஆயின் காலையிற் சென்றோர் அன்று மாலையே மீளல் வேண்டும் என்பது விதியாயிருந்தது. அப்பாதையும் 2020 மார்ச்சில் நோய்ப்பரவலாலும், 2025 மே மாதத்தில் இரு நாடுகளின் மோதலாலும் அடைக்கப்பட்டது.