அவையஞ்சாமை தரும் நூல்கள்

வலப்பனையைச் சூழ்ந்த தோட்டமொன்றிலே பிறந்து, உயர்தரப் பரீட்சையிலே நல்ல சித்தியெய்திய மாணாக்கன் ஒருவன் நேர்முகப் பரீட்சையொன்றுக்குச் சென்று வாடிய முகத்தோடு மீண்டான். “கேட்டவற்றுக்கெல்லாம் விடை தெரியும், ஐயா; வாய்தான் எழவில்லை” என்றான். அறிவைக் கூராக்கி, அவையிலே நிமிர்ந்து நிற்கும் ஆற்றலையும் தரவல்ல நூல்கள் யாவை என வினவினான். அவனுக்குக் கூறியவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் திருக்குறள். முதல் அதிகாரந்தொட்டு மனனஞ் செய்யப் புகுந்து இடையிலே விடுவோர் பலர். இவனைப் போன்றோர் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் 72ஆம், 73ஆம் அதிகாரங்களிலே தொடங்குதல் நன்று. அவைக்கு அஞ்சுவோன் கற்ற நூலைப் பகைவர் நடுவே கோழையின் கையிலுள்ள வாளுக்கு ஒப்பிடுகின்றார் வள்ளுவர். நோயைச் சுட்டியவர் மருந்தையுஞ் சொல்கின்றார். அஞ்சாது விடையிறுத்தற்பொருட்டு அளவறிந்து கற்க வேண்டும் என்கின்றார். ‘அளவு’ என்பதற்கு அளவை நூல், அஃதாவது தருக்க நூல், எனப் பரிமேலழகர் பொருள் கொள்வர். ஆகவே அஞ்சாமை பிறவிக்குணமன்று; காரணகாரியம் உணர்ந்து கற்றதன் பயன்.

இரண்டாவது, பவணந்தி முனிவரின் நன்னூற் பொதுப்பாயிரம். இலக்கணத்தைப் பரீட்சைக்கென்று படிப்போர் பாயிரத்தைப் புரட்டிவிட்டுச் செல்கின்றனர். பாடத்தை இருமுறை கேட்பின் பிழை குறையும்; மும்முறை கேட்பின் பிறர்க்கு முறையாக உரைக்கும் வன்மை வரும் என்பது அங்குள்ள விதி. லயத்திலே படிப்பதற்குத் தனியறை ஏது? தம்பி தங்கையரை முன்னிருத்தி, அன்று கற்றதை உரத்துச் சொல்லுக. அதுவே முதல் அவை.

மூன்றாவது, வ. உ. சிதம்பரம்பிள்ளையின் ‘மனம் போல வாழ்வு’. ஆங்கிலேயராகிய ஜேம்ஸ் அலன் 1903இல் வெளியிட்ட சிறுநூலின் மொழிபெயர்ப்பு இது. 1908இல் தண்டனை பெற்றுக் கோயம்புத்தூர்ச் சிறையிலே செக்கிழுத்த பெருமகனார், சிறைவாழ்வினிடையே இதனைத் தமிழாக்கினார். எண்ணமே மனிதனை ஆக்கும் என்பது நூலின் கொள்கை. வசதியுள்ளவர் சொல்லின் இஃது எளிய உபதேசம். செக்கிழுத்தவர் சொல்லும்போது இதற்கு வேறொரு கனம் உண்டாகின்றது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. வாழ்வின் நிலை முழுவதும் எண்ணத்தின் விளைவே எனக் கொண்டால், லயத்தின் வறுமைக்கு லயத்தாரே காரணர் என்றாகிவிடும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அஃது அவர்தம் எண்ணத்தின் குற்றமன்று.

ஆதலால், சாரல்நாடன் எழுதிய ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்னும் வரலாற்றை நான்காவது நூலாக உடன்வைத்துப் படித்தல் வேண்டும். தஞ்சையிலிருந்து வந்த நடேசய்யர் பத்திரிகை நடத்தினார், தொழிற்சங்கம் அமைத்தார், 1936இல் அற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். ‘வெற்றியுனதே’ என்னும் பெயரில் நூலொன்றும் இயற்றினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர் கூட்டங்களிலே பாடல்களைப் பாடி மக்களை எழுப்பினார். குறள் அவையஞ்சாமைக்கு இலக்கணம். இவ்விருவர் வாழ்க்கை அதற்கு இலக்கியம். தன்னை மாற்றிக்கொள்வதோடு நில்லாது, தன்னைச் சூழ்ந்த நிலையையும் மாற்ற எழுந்தவரிடத்தே தோற்றப்பொலிவு தானே அமைகின்றது.

நூறு நூல்களை ஒருகாற் புரட்டுவதினும் இந்நான்கையும் மும்முறை ஓதுதல் மேல்.

இறுதியாக, என்னையொத்த ஆசிரியர்க்கும் ஒரு சொல். வகுப்பிலே வாய்திறவாத பிள்ளையை ‘அடக்கமானவன்’ என்று பாராட்டுகின்றோம். வினா எழுப்பும் பிள்ளையை ‘இரு’ என்று அமர்த்துகின்றோம். வாடிய முகத்தோடு மீண்ட அம்மாணாக்கனையும் ஐந்தாண்டுகள் நானே அவ்வாறு பாராட்டினேன். அவன் நாவை முதலிற் கட்டியவன் யார் என்று எண்ணுந்தோறும், அவையஞ்சாமை அதிகாரத்தை யானும் மீளப் படிக்கின்றேன்.