ஆயா வேடத்தில் வந்த அப்பா

நகைச்சுவைப் படம் என்றதும் நம்மவர்க்கு ஞாபகம் வருவது என்ன? ஒருவர் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவார். இன்னொருவர் ஆள்மாறாட்டஞ் செய்து அகப்பட்டுக்கொள்வார். ஈற்றிலே பிரிந்தோர் யாவரும் ஒன்றுகூடிச் சிரித்த முகத்துடன் நிற்க, 'சுபம்' என்னும் எழுத்துத் திரையில் தோன்றும். அந்த ஓர் எழுத்துக்காகவே காசு கொடுத்து உள்ளே சென்றோம் என்று சொன்னாலும் தவறில்லை. ஆயின், அந்தச் 'சுப'த்தைத் தர மறுத்து, அம்மறுப்பினாலேயே உலகோர் உள்ளத்தில் இடம்பிடித்த குடும்பச் சித்திரம் ஒன்று ஹொலிவூட்டிலே உருவாயிற்று. 1993ஆம் ஆண்டு வெளிவந்த 'மிஸிஸ் டவுட்ஃபயர்' என்பதே அது. அப்படம் உருவான வரலாறு படத்தினும் சுவை குறைந்ததன்று.

கதை பிறந்த இடம்

இதன் மூலக்கதை பிரிட்டிஷ் எழுத்தாளரான ஆன் ஃபைன் அம்மையார் 1987இல் சிறுவர்களுக்கென எழுதிய நாவலாகும். 'டவுட்ஃபயர்' என்னும் விநோதமான பெயர், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரிலே பழைய உடைகள் விற்ற கடையொன்றிலிருந்து அவருக்குக் கிடைத்தது. படத்திலோ, பெயர் கேட்டதும் திகைத்துப்போகும் கதாநாயகன், அருகிற் கிடந்த பத்திரிகையில் தீ விபத்துச் செய்தியின் தலைப்பைக் கண்டு, அவ்விரு சொற்களையும் ஒட்டிப் பெயராக்கிவிடுகிறான்!

கதை இதுதான். டானியல் என்பவன் சித்திரப் படங்களுக்குக் குரல் கொடுக்கும் கலைஞன். பிள்ளைகள் மூவரிடத்தும் உயிரையே வைத்திருக்கிறான். ஆனால் வீட்டுப் பொறுப்பு எதனையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதவன். மகனின் பிறந்த நாளுக்கு வீடு நிறைய ஆட்டையும் குதிரையையும் கொண்டுவந்து குழப்பம் விளைக்கிறான். பொறுத்துப் பொறுத்துச் சலித்த மனைவி மிராண்டா மணமுறிவு கேட்கிறாள். நீதிமன்றமோ, வாரத்தில் ஒரு நாள் மட்டுமே பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று தீர்ப்பளிக்கிறது. பிள்ளைகளைப் பிரிந்திருக்க மாட்டாத தந்தை, கிழவி வேடம் பூண்டு, தன் சொந்த வீட்டிலேயே ஆயாவாக வேலைக்கு அமர்கிறான்.

நான்கு மணி நேர முகம்

டானியலாக நடித்தவர் றொபின் வில்லியம்ஸ். மனைவியாக நடித்தவர் சாலி ஃபீல்ட். நெறியாளர், 'ஹோம் அலோன்' என்னும் படத்தால் முன்னரே புகழ்பெற்றிருந்த கிறிஸ் கொலம்பஸ். படாதிபதிகளில் ஒருவர் வில்லியம்ஸின் மனைவி மார்ஷா.

ஓர் ஆண்மகனை அறுபது வயது மூதாட்டியாக்குவது எளிதான காரியமா? தலைமுடியை மாற்றிச் சேலையோ கவுணோ உடுத்திவிட்டால் நாடக மேடைக்குப் போதும். ஆனால் கமரா முகத்துக்கு மிக அருகில் வந்து நிற்கும்; ஒட்டுப்போட்ட இடம் ஒரு நூலளவு தெரிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கன்னம், தாடை, கழுத்து என ஒவ்வொரு பகுதிக்கும் மென்மையான இறப்பர்த் துண்டுகளை வார்த்தெடுத்து, நாள்தோறும் ஒட்டி, அவற்றின் மேல் தோலின் நிறந்தீட்டினர். இதற்குச் சுமார் நான்கு மணி நேரஞ் சென்றதாம். இப்பணியைச் செய்த கிரெக் கனொம், வீ நீல், யொலண்டா டுசெயிங் ஆகிய மூவரும் 1994இல் ஒஸ்கார் விருது பெற்றனர். வேடம் பலிக்கிறதா என்று சோதிக்க விரும்பிய வில்லியம்ஸ், ஆயாக் கோலத்துடனேயே சன் பிரான்சிஸ்கோவில் உள்ள கடையொன்றினுள் நுழைந்து பார்த்த கதையும் உண்டு.

எழுதியதும் எழுதாததும்

படப்பிடிப்பு 1993இல் அந்நகரிலேயே நடைபெற்றது. ஸ்டைனர் வீதியில் நின்ற வீடொன்று டானியல் குடும்பத்தின் இல்லமாகத் திரையில் தோன்றியது.

வில்லியம்ஸ் மேடையிலே கணத்துக்குக் கணம் புதியன புனைந்து சிரிக்க வைப்பதில் வல்லவர். அவரைக் கட்டிப்போடுவதும் நட்டம், அவிழ்த்துவிடுவதும் ஆபத்து. நெறியாளர் இதற்கொரு வழி கண்டார். எழுதியவாறே சில தடவை நடிக்கச் செய்வார். அதன்பின், 'இனி உமது விருப்பம்' என விட்டுவிடுவார். ஒரே நேரத்திற் பல கமராக்களை ஓடவிட்டு, வில்லியம்ஸ் சொல்வதை மட்டுமன்றி, அதைக் கேட்ட மற்றையோர் முகத்தில் எழும் வியப்பையும் பிடித்துக்கொள்வார். படத்திற் காணும் பிள்ளைகளின் சிரிப்பிற் பல உண்மைச் சிரிப்பே!

ஓர் உதாரணங் கூறுவோம். வேடம் கலைந்திருக்கையில் விருந்தாளி வந்துவிட, ஆயா கேக்கின் மேற்பூச்சினுள் முகத்தை அமிழ்த்தி, அழகுக்குப் பூசிய பசை போலக் காட்டி நிற்கும் கட்டம் ஒன்றுண்டு. விளக்குகளின் வெப்பத்தில் அப்பூச்சு உருகித் தேநீர்க் கோப்பையினுள் சொட்டத் தொடங்கிற்று. வேறொருவராயின் படப்பிடிப்பை நிறுத்தியிருப்பார். வில்லியம்ஸோ அதனையே நகைச்சுவையாக்கித் தொடர்ந்து நடித்தார். இன்று படத்தை நினைப்போர் பலரும் முதலில் நினைப்பது அந்தத் துளிகளைத்தான்.

ஒரு சிறுமியும் ஒரு கடிதமும்

மூத்த மகளாக நடித்தவர் லீசா ஜாக்கப் என்னும் கனடாச் சிறுமி. அப்பொழுது வயது பதினான்கு. மாதக்கணக்கில் படப்பிடிப்பில் இருந்தமையால், இனி இங்கு வரவேண்டாம் என அவர் பயின்ற பாடசாலை எழுதிவிட்டது. சிறுமி மனமுடைந்தார். செய்தியறிந்த வில்லியம்ஸ், இப்பிள்ளைக்குப் படிப்பிலும் ஆர்வமுண்டு, மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அதிபருக்குத் தம் கைப்படக் கடிதம் வரைந்தார். அதிபர் என் செய்தார் தெரியுமா? கடிதத்துக்குச் சட்டமிட்டுத் தமது அலுவலகச் சுவரில் மாட்டினார், சிறுமியைச் சேர்த்துக்கொள்ளவில்லை! பின்னாளில் இதனை எழுதிய லீசா, பலன் கிட்டாவிடினும் தமக்காக ஒருவர் எழுந்து பேசினார் என்பதே தம்மைத் தேற்றிற்று என்கிறார். திரையில் தந்தையாக நின்றவர் திரைக்கு வெளியிலும் அவ்விடத்தை விட்டகலவில்லை.

முடிவு எது?

இனி, நாம் முதலிற் சொன்ன செய்திக்கு வருவோம். இத்துணை பாடுபட்ட தந்தை ஈற்றில் மனைவியுடன் சேரவேண்டாமா? சேரவேண்டும் என்றே படக் கம்பனியில் பலர் விரும்பினர். ஆயின் நெறியாளரும் வில்லியம்ஸும் சாலி ஃபீல்டும் உடன்படவில்லை. நடிகர் இருவரும் தத்தம் வாழ்விலே மணமுறிவைக் கண்டவர்கள். பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள், அம்மாவும் அப்பாவும் என்றோ ஒருநாள் சேர்ந்துவிடுவர் என்று இரவுதோறும் கனாக்காண்பதுண்டு. அந்தக் கனாவைத் திரையில் நனவாக்கிக் காட்டினால், படம் பார்த்து வீடு திரும்பும் பிள்ளை தன் வீட்டிலும் அதையே தேடும். கிட்டாதபோது, பிழை தன்னுடையதோ என ஏங்கும். இந்த அச்சமே அவர்களைத் தடுத்தது.

ஆகவே படம் வேறுவிதமாக முடிகிறது. பொய் வெளிப்பட்டபின் நீதிபதி தந்தையை மேலும் கடுமையாகத் தண்டிக்கிறார். மிராண்டாவோ, பிள்ளைகளின் முகவாட்டங் கண்டு, பாடசாலை விட்டதும் அவர்களைத் தந்தை வந்து அழைத்துச் செல்ல இணங்குகிறாள். இருவரும் சேரவில்லை, ஆனால் பகைமை நீங்குகிறது. கடைசிக் காட்சியில், தொலைக்காட்சியில் தோன்றும் ஆயா, பெற்றோர் பிரிந்துவிட்ட சிறுமி ஒருத்தியின் கடிதத்துக்கு விடை கூறுகிறாள்: குடும்பங்கள் பலவகைப்படும்; அன்பு இருக்குமிடத்திற் குடும்பமும் இருக்கும் என்பது அதன் சாரம்.

இன்னொன்றையும் நாம் கவனிக்கவேண்டும். இப்படத்தில் வில்லன் எவருமில்லை. கண்டிப்பான மனைவி கொடியவளல்லள். அவளை நாடி வரும் புதியவனும் நல்லவனே. ஆயாவிடம் மனந்திறந்து மனைவி தன் துயரைக் கூறுகையில், கணவனாக இருந்தபோது கேளாத சொற்களை டானியல் வேலைக்காரியாக இருந்து கேட்கிறான். சமைக்கவும் பிள்ளைகளைப் படிப்பிக்கவும் தெரிந்துகொண்ட பின்னரே, அவளது களைப்பு அவனுக்கு விளங்குகிறது.

தமிழுக்கு வந்த மாமி

நம்மவர்க்கு இக்கதை புதிதன்று. 1996இல் கமல்ஹாசன் நடித்து, கே. எஸ். ரவிக்குமார் நெறிப்படுத்திய 'அவ்வை சண்முகி' இதன் தழுவலே. கிரேஸி மோகனின் வசனங்களுக்கு வயிறு குலுங்கச் சிரிக்காதவர் யார்? அவ்வையாராக மேடையில் வாழ்ந்து காட்டிய ரி. கே. சண்முகத்துக்குச் செலுத்திய வணக்கமாகவும் அப்பெயர் அமைந்தது. ஆயின் தமிழ்ப் படத்தில் கணவனும் மனைவியும் ஈற்றில் ஒன்றுசேர்கின்றனர். எமது இரசிகர்கள் 'சுபம்' இன்றி எழுந்து செல்லார் என்று அதனை ஆக்கியோர் கருதினர் போலும். அது பிழையென நாம் கூறோம். இரண்டு படங்களையும் பிள்ளைகளுடன் அடுத்தடுத்துப் பார்த்து, எந்த முடிவு உங்களுக்குப் பிடித்தது என அவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடை உங்களைச் சிந்திக்க வைக்கும்.

ஏறத்தாழ 2½ கோடி டொலர் செலவிலெடுத்த படம் உலகெங்கும் 44 கோடி டொலருக்கு மேல் ஈட்டிற்று. 'சுபம்' இல்லையேல் வசூல் இல்லை என்போருக்கு இஃதொன்றே போதிய விடையாகும்.

2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் றொபின் வில்லியம்ஸ் காலமானார். செய்தி பரவியதும், ஸ்டைனர் வீதியில் உள்ள அந்த வீட்டு வாசலிலே மக்கள் மலர்களைக் கொண்டுவந்து குவித்தனர். அவர் அங்கு வாழ்ந்தவரல்லர். சில வாரம் நடித்தவர் மட்டுமே. ஆயினும், பிள்ளைகளைக் காண்பதற்காகத் தந்தையொருவன் தட்டிய கதவு அதுவென்பதை அவர்கள் மறந்தாரில்லை.