தடநாட்களில் கார் கியர்பெட்டி அதிவெப்பமடைவதைத் தடுத்தல்

தடநாள் என்பது கார் உரிமையாளர்கள் தங்கள் சொந்தக் கார்களைப் பந்தயத்தடத்தில், போட்டியாக அல்லாமல், முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கென ஒதுக்கப்படும் நாள் ஆகும். பேச்சுவழக்கில் இது 'ட்ராக் டே' என்றே வழங்குகிறது. பொதுவாக ஒவ்வொரு சுற்று ஓட்டமும் 15 முதல் 30 நிமிடம் வரை நீடிக்கும். இந்த நேரத்தில் எஞ்சின், பிரேக், டயர் ஆகியவற்றைப் போலவே கியர்பெட்டியும் கடுமையாக வெப்பமடைகிறது. ஆனால் எஞ்சின் வெப்பநிலையைக் காட்டும் முள் பல கார்களில் இருக்க, கியர்பெட்டியின் வெப்பநிலையைக் காட்டும் முள் பெரும்பாலான கார்களில் இல்லை. எனவே பழுது வெளியே தெரியும்போது சேதம் நேர்ந்து முடிந்திருக்கும். கியர்பெட்டியின் எண்ணெயையும் உலோகப் பாகங்களையும் பாதுகாப்பான வெப்பநிலைக்குள் வைத்திருக்கும் வழிமுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

வெப்பம் உருவாகும் விதம்

எஞ்சின் தரும் திறன் முழுவதும் சக்கரங்களைச் சென்றடைவதில்லை. பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உராய்வதாலும், பேரிங்குகளின் உராய்வாலும், சுழலும் பற்சக்கரங்கள் எண்ணெயைக் கடைவதாலும் ஒரு பகுதி வெப்பமாக மாறுகிறது. நல்ல நிலையில் உள்ள கைமுறைக் கியர்பெட்டியில் இந்த இழப்பு ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு ஆகும்.

சாலையில் 100 கி.மீ. வேகத்தில் சீராகச் செல்லும் காருக்கு 15 முதல் 20 கிலோவாட் திறன் போதும். அப்போது கியர்பெட்டியில் தங்கும் வெப்பம் அரை கிலோவாட் அளவே. அது உறையின் வழியே காற்றில் எளிதாகக் கலந்துவிடும். பந்தயத்தடத்தில் நிலைமை வேறு. 400 குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 300 கிலோவாட் எஞ்சின் உள்ள கார், ஒரு சுற்றின் சராசரியாக அதில் பாதியைப் பயன்படுத்துகிறது என்று கொள்வோம். இழப்பு 3 விழுக்காடு என்றால் கியர்பெட்டிக்குள் தொடர்ந்து 4.5 கிலோவாட் வெப்பம் உருவாகும். இது வீட்டில் பயன்படுத்தும் இஸ்திரிப் பெட்டிகள் நான்கைந்தை ஓர் அலுமினியப் பெட்டிக்குள் அடைத்து ஓடவிட்டதற்குச் சமம்.

எண்ணெயும் உலோகமும் சேர்ந்த ஒரு நடுத்தரக் கியர்பெட்டியின் வெப்பநிலையை 1 பாகை உயர்த்த ஏறத்தாழ 30 கிலோஜூல் ஆற்றல் தேவை. இந்த வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால் வெப்பநிலை நிமிடத்துக்கு 9 பாகை வீதம் ஏறும். நடைமுறையில் ஒரு பகுதி காற்றுக்குச் சென்றுவிடுவதால் ஏற்றம் இதைவிட மெதுவாகவே இருக்கும். ஆயினும் 20 நிமிட ஓட்டம் ஏன் ஆபத்தாகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. முதல் ஐந்து நிமிடத்தில் எந்தக் காரிலும் சிக்கல் தெரியாது. கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தெரியும்.

கியர்பெட்டி வகைகளும் அவற்றின் பலவீனங்களும்

கைமுறைக் கியர்பெட்டி: இதில் பொதுவாக 2 முதல் 3 லிட்டர் எண்ணெய் மட்டுமே இருக்கும். பெரும்பாலானவற்றில் எண்ணெய்ப் பம்பு கிடையாது. பற்சக்கரங்கள் வாரியிறைக்கும் எண்ணெயே எல்லாப் பாகங்களுக்கும் சென்று சேர்கிறது. எண்ணெய் மிகவும் நீர்த்துவிட்டால் பற்களுக்கிடையே உள்ள படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசும். வெப்பத்தின் முதல் பாதிப்பு பெரும்பாலும் சின்க்ரோனைசர் வளையங்களில் தெரியும். கியர் மாற்றும்போது கரகரப்பு எழும்.

தானியங்கிக் கியர்பெட்டி: இதில் வெப்பத்தின் முதன்மை ஊற்று டார்க் கன்வர்ட்டர் ஆகும். எஞ்சின் பக்கத்துச் சுழலியும் கியர்பெட்டிப் பக்கத்துச் சுழலியும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது, அந்த வேறுபாட்டால் இழக்கப்படும் திறன் எண்ணெயில் வெப்பமாகிறது. உட்பூட்டு கிளட்ச் பிடித்தபின் இது நின்றுவிடும். வளைவுகள் மிகுந்த தடத்தில் கன்வர்ட்டர் அடிக்கடி திறந்துமூடுவதால் எண்ணெய் விரைவில் சூடேறும்.

இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி: இதில் ஈரக் கிளட்ச், உலர் கிளட்ச் என இரு வகை உண்டு. ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் ஆறு வேக டி.கியூ.250 எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்டது. கிளட்ச் தட்டுகளின் வெப்பத்தை எண்ணெய் எடுத்துச் செல்லும். அதே நிறுவனத்தின் ஏழு வேக டி.கியூ.200 உலர் கிளட்ச் கொண்டது. 250 நியூட்டன்மீட்டர் வரையிலான முறுக்குவிசைக்கென வடிவமைக்கப்பட்டது. உலர் கிளட்ச்சின் வெப்பம் காற்றுக்குத்தான் போக வேண்டும் என்பதால், நின்று நின்று ஊர்வது அதற்குப் பகை. 2007-இல் வெளிவந்த நிசான் ஜி.டி-ஆர் காரில் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி பின்சக்கரங்களுக்கிடையே வைக்கப்பட்டுள்ளது. அதன் எண்ணெய் வெப்பநிலையை ஓட்டுநர் முன்னுள்ள திரையிலேயே பார்க்கலாம்.

வெப்பநிலை எல்லைகள்

சரியான எல்லை காருக்குக் கார், எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடும். தயாரிப்பாளரின் கையேடே இறுதியானது. பொது வழிகாட்டியாகத் தானியங்கிக் கியர்பெட்டி எண்ணெய்க்குப் பின்வரும் அளவுகள் கூறப்படுகின்றன.

80 முதல் 95 °செ வரை: எண்ணெய் நீண்டகாலம் உழைக்கும் இயல்பு நிலை.
120 °செ அளவில்: தடநாளில் குறுகிய நேரத்துக்கு ஏற்கத்தக்கது.
130 °செ-க்கு மேல்: எண்ணெய் கெடத் தொடங்கும், ரப்பர் சீல்கள் இறுகும், உலோகப் பரப்புகளில் வார்னிஷ் போன்ற படிவு உருவாகும்.
150 °செ-க்கு மேல்: கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகும் அபாயம்.

எண்ணெயின் ஆக்சிஜனேற்ற வேகம் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது வேதிப்பொறியியலில் பயன்படும் தோராய விதி. இதன்படி 90 °செ-இல் பல்லாண்டு உழைக்கும் எண்ணெய், 130 °செ-இல் பதினாறில் ஒரு பங்கு காலமே தாங்கும்.

ஷெல்பி ஜி.டி.350 தந்த பாடம்

கியர்பெட்டிக் குளிர்விப்பான் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை 2016-ஆம் ஆண்டின் ஃபோர்டு ஷெல்பி ஜி.டி.350 மஸ்டாங் வெளிச்சமிட்டுக் காட்டியது. 5.2 லிட்டர் வி8 எஞ்சின், 526 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,250 சுழற்சி வரை செல்லும் வேகம், ஆறு வேகக் கைமுறைக் கியர்பெட்டி ஆகியவை இதன் சிறப்புகள். ஆனால் அவ்வாண்டின் அடிப்படை வடிவிலும் 'டெக்னாலஜி' தொகுப்பு வடிவிலும் கியர்பெட்டிக்கும் டிஃபரன்ஷியலுக்கும் குளிர்விப்பான்கள் பொருத்தப்படவில்லை. 'ட்ராக்' தொகுப்பு வாங்கியோருக்கு அவை கிடைத்தன.

குளிர்விப்பான் இல்லாத கார்கள் தடத்தில் ஓடும்போது வெப்பநிலை எல்லையைத் தாண்டியதும், கணினி எஞ்சினின் திறனைத் தானாகக் குறைத்தது. இது 'லிம்ப் மோட்' எனப்படும் தற்காப்பு நிலை. கியர்பெட்டியை இது காப்பாற்றும். ஆனால் பின்னால் 200 கி.மீ. வேகத்தில் வரும் காருக்கு முன்னே திடீரென வேகம் இழப்பது ஓட்டுநருக்கு ஆபத்து. தடத்துக்கு ஏற்ற கார் என விளம்பரப்படுத்தி விற்றதாகக் குற்றஞ்சாட்டி, உரிமையாளர்கள் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2017-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து 'ட்ராக்' தொகுப்பின் குளிர்விப்பான்கள் எல்லா ஜி.டி.350 கார்களிலும் இடம்பெற்றன. ஒரே பெயரும் ஒரே எஞ்சினும் கொண்ட இரு கார்களில் ஒன்று தடத்தைத் தாங்கலாம், மற்றொன்று தாங்காமல் போகலாம். எனவே பழைய கார் வாங்குவோர் எந்தத் தொகுப்பு என்பதை உறுதிசெய்துகொள்வது அவசியம்.

தடுக்கும் முறைகள்

எண்ணெய்

மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பு புதிய எண்ணெய்தான். தடநாளுக்கு முன் தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரத்தில் முழுச் செயற்கை எண்ணெய் நிரப்பலாம். 'கூடுதல் வலிமை' என நினைத்துத் தரத்தை மாற்றுவது தவறு. எடுத்துக்காட்டாக, ஜி.எல்-4 எண்ணெய் கேட்கும் கைமுறைக் கியர்பெட்டியில், டிஃபரன்ஷியலுக்கான ஜி.எல்-5 எண்ணெயை ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்க்கைகள் பித்தளைச் சின்க்ரோனைசர் வளையங்களை அரிக்கக்கூடும்.

அளவும் முக்கியம். எண்ணெய் குறைந்தால் உராய்வு கூடும். மிகுந்தால் பற்சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை வெப்பத்தையும் கடத்தாது, அழுத்தத்தையும் தாங்காது. சூடான எண்ணெய் விரிவடைந்து மூச்சுக்குழாய் வழியே வெளியேறவும் கூடும். எனவே தடத்தில் ஓடும் கார்களில் மூச்சுக்குழாயின் முனையில் ஒரு சிறு சேகரிப்புக் கலம் பொருத்துவது வழக்கம்.

குளிர்விப்பான்

குளிர்விப்பான்கள் இரு வகை. எண்ணெய்-நீர் வகையில், எஞ்சினின் குளிர்நீர் கியர்பெட்டி எண்ணெயின் வெப்பத்தை ஏற்கிறது. இது கச்சிதமானது, குளிர்காலத்தில் எண்ணெயை விரைவில் சூடாக்கவும் உதவும். ஆனால் எஞ்சின் நீர் 100 °செ-இல் இருந்தால் எண்ணெய் அதற்குக் கீழே இறங்காது. எஞ்சின் திணறும்போது கியர்பெட்டியும் சேர்ந்து திணறும். எண்ணெய்-காற்று வகை எஞ்சினைச் சாராமல் இயங்கும். தடநாட்களுக்குப் பெரும்பாலும் இதுவே தனியாகவோ, நீர் வகையோடு தொடராகவோ சேர்க்கப்படுகிறது.

தானியங்கிப் பெட்டியில் ஏற்கெனவே பம்பும் எண்ணெய்க் குழாய்களும் இருப்பதால் குளிர்விப்பானைச் சேர்ப்பது எளிது. கைமுறைப் பெட்டிக்கும் டிஃபரன்ஷியலுக்கும் பெரும்பாலும் தனி மின்பம்பு தேவை. பம்புக்கு முன் சல்லடை வடிகட்டி வைக்க வேண்டும்; இல்லையெனில் உலோகத் துகள்கள் பம்பைக் கெடுக்கும். குறிப்பிட்ட வெப்பநிலைக்குப் பின்பே எண்ணெயைக் குளிர்விப்பானுக்கு அனுப்பும் தெர்மோஸ்டாட்டும் அவசியம். எண்ணெய் தேவைக்கு மேல் குளிர்ந்தால் கெட்டியாகி, இழப்பும் தேய்மானமும் கூடும்.

காற்றோட்டமும் வெப்பத்தடுப்பும்

குளிர்விப்பானின் அளவைவிட அது வைக்கப்படும் இடம் பெரிது. முன்பக்கக் காற்று நேராகப் படும் இடத்தில் வைத்து, ஓரங்களில் காற்று தப்பாதபடி தகடுகளால் மூட வேண்டும். உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். பல கார்களில் புகைபோக்கிக் குழாயும் வினையூக்கி மாற்றியும் கியர்பெட்டியை ஒட்டிச் செல்கின்றன. இடையில் வெப்பத்தடுப்புத் தகடு பொருத்தினால் வெளியிலிருந்து வரும் வெப்பம் குறையும்.

அளவிடுதல்

அளவிடாமல் செய்யும் எந்த மாற்றமும் ஊகமே. எண்ணெய்த் தொட்டியிலோ வடிகால் திருகிலோ ஓர் உணரியைப் பொருத்தி, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் காட்டி வைக்கலாம். தானியங்கி, இரட்டைக் கிளட்ச் கார்கள் பலவற்றில் நோயறிதல் செருகுமுகம் வழியாகவே இந்த அளவைப் படிக்கலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அளவைக் குறித்துவைத்தால், அது ஒரு புள்ளியில் நிலைகொள்கிறதா, இன்னும் ஏறிக்கொண்டே போகிறதா என்பது தெரியும். நிலைகொள்ளாமல் ஏறும் காரை நீண்ட நேரம் ஓட்டக் கூடாது.

ஓட்டும் முறை

முதல் சுற்றில் எண்ணெய் சூடாகும்வரை மிதமாகவும், கடைசிச் சுற்றில் உயர் கியரில் குறைந்த சுழற்சியிலும் ஓட்டுவது அடிப்படை ஒழுங்கு. கடைசிச் சுற்றில் பிரேக்கை இயன்றவரை தவிர்க்க வேண்டும். தானியங்கிக் காரில் கைமுறைத் தெரிவைப் பயன்படுத்தித் தேவையற்ற கியர் மாற்றங்களைக் குறைக்கலாம். அசையா நிலையிலிருந்து பாய்ச்சும் 'லாஞ்ச்' முறையைத் தடநாளில் தவிர்ப்பது நல்லது. சில நொடிகளில் அது கிளட்ச்சில் ஏற்றும் வெப்பம் மிகப் பெரிது. தடத்துக்குள் நுழையக் காத்திருக்கும் வரிசையில் இரட்டைக் கிளட்ச் காரை ஊரவிடாமல், நியூட்ரலில் வைத்து நிறுத்தி நிறுத்தி நகர்த்த வேண்டும்.

நிறுத்துமிடம் வந்தபின் எஞ்சினை உடனே அணைத்துவிட்டால் தானியங்கிப் பெட்டியின் பம்பும் நின்றுவிடும். எனவே நியூட்ரலில் வைத்துச் சில நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது வழக்கம். அப்போது கைபிரேக் இழுக்கக் கூடாது. சூடான பட்டைகள் வட்டில் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு அடைகட்டை வைப்பதே சரி.

வெப்ப நாடுகளில்

காற்றுவழிக் குளிர்விப்பானின் ஆற்றல் எண்ணெய்க்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. எண்ணெய் 120 °செ, காற்று 20 °செ என்றால் வேறுபாடு 100 பாகை. காற்று 40 °செ ஆனால் வேறுபாடு 80 பாகையாகச் சுருங்கும். அதே குளிர்விப்பான் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலை இழக்கும். எனவே ஐரோப்பியத் தடங்களில் போதுமானதாக இருந்த அமைப்பு, மலேசியாவின் செப்பாங்கிலோ சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலோ போதாமல் போகலாம். இங்கே பெரிய குளிர்விப்பானைவிட எளிய தீர்வு, காலை வேளைச் சுற்றுகளைத் தேர்ந்தெடுப்பதும் ஒவ்வொரு ஓட்டத்தையும் சில நிமிடம் சுருக்கிக்கொள்வதும் ஆகும்.

எச்சரிக்கை தோன்றினால்

எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, திறன் திடீரெனக் குறைந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ ஓட்டுநர் செய்ய வேண்டியவை:

1. பின்னால் வருவோருக்குக் கையாலோ விளக்காலோ சைகை காட்டி, பந்தயக்கோட்டிலிருந்து விலக வேண்டும்.
2. உயர் கியரில் மெதுவாகச் சுற்றை முடித்து நிறுத்துமிடம் வர வேண்டும்.
3. எண்ணெய் கசிவது தெரிந்தால் தொடர்ந்து ஓட்டாமல், தடத்துக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். சிந்திய எண்ணெய் பின்னால் வரும் கார்களை வழுக்கவைக்கும்; சூடான புகைபோக்கியில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். வழுக்கும் தடத்தை எச்சரிக்கவே மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் கொண்ட கொடி காட்டப்படுகிறது.
4. கார் ஆறியபின் எண்ணெயின் அளவு, நிறம், வாடை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கறுத்துக் கருகிய வாடை வீசினால், வெப்பநிலை இறங்கிவிட்டாலும் எண்ணெயை மாற்றாமல் மீண்டும் ஓட்டக் கூடாது.

எண்ணெய் மாற்றும்போது வடிகால் திருகின் காந்தத்தையும் பார்ப்பது நல்லது. அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய சாம்பல்நிறக் குழம்பு இயல்பான தேய்மானம். விரலில் தட்டுப்படும் உலோகச் செதில்கள் பற்சக்கரமோ பேரிங்கோ உடையத் தொடங்கியதன் அடையாளம். அந்நிலையில் கியர்பெட்டியைப் பிரித்துப் பார்த்த பின்பே அடுத்த தடநாளைத் திட்டமிட வேண்டும்.