புதுக்கோட்டை: சமஸ்தானம் முதல் மாவட்டம் வரை

நமது புதுக்கோட்டை மாவட்டத்தின் வரலாற்றில் மூன்று ஆண்டுகளை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

1686: கிழவன் சேதுபதியின் ஆதரவோடு ரகுநாதராய தொண்டைமானின் ஆட்சி தொடங்கியது. ஆங்கிலேயர் காலத்திலும் புதுக்கோட்டை தனி சமஸ்தானமாகவே நீடித்தது. அம்மன் காசு என்ற சொந்த நாணயமும் இங்கு புழங்கியது. திருமயம் அருகேயுள்ள காட்டுபாவா பள்ளிவாசல் இந்த சமஸ்தானத்தில்தான் இருந்தது.

1948: ராஜகோபால தொண்டைமான் காலத்தில், மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது.

1974: ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. தஞ்சை மாவட்டத்தில் இருந்த அறந்தாங்கியும், கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் போன்ற நமது கடலோர ஊர்களும் அப்போதுதான் இதில் சேர்ந்தன.

ஆகவே மாவட்டம் ஒன்றானாலும் பழைய ஆவணங்கள் ஒன்றல்ல. திருமயம் பக்கத்தில் 1948-க்கு முந்தைய பத்திரங்கள் சமஸ்தான காலத்தவை. கடலோர ஊர்களின் பழைய பத்திரங்களோ தஞ்சை மாவட்டக் காலத்தவை. பள்ளிவாசல் நிலம், மையவாடி, பூர்வீக வீடு எதுவானாலும், எந்த ஆட்சியில் எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்பதும் தெரியும். பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம், இன்ஷா அல்லாஹ்.